சக்கரத்துக்குக் காய்ச்சல் பார்த்தவள்

ஒரு பொய்யை ஒப்புக்கொண்டுதான் இதைத் தொடங்க வேண்டும். லாரிச் சக்கரத்தின் சூட்டை அளக்க எனக்குத் தெரியும் என்று நான் சொன்னது பொய். எனக்குத் தெரிந்ததெல்லாம் துணிக்கடை வாசலில் நின்றுகொண்டு வருகிறவர்களின் நெற்றிக்குக் காய்ச்சல் பார்ப்பது மட்டும்தான். நெற்றிக்கும் சக்கரத்துக்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம் இருந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். (இருந்தது.)

பொய் சொன்ன காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது நாலு மாதம். அந்த நாலு மாதத்தில் என் வீட்டுக்காரர் வீட்டில் இருந்த நாட்களை என் கைவிரல், கால்விரல்களைக் கொண்டே எண்ணி முடித்துவிடலாம். ஒன்றிரண்டு விரல் மிச்சம்கூட இருக்கும். அந்தமானில் போர்ட் பிளேரிலிருந்து ரங்கத், மாயாபந்தர், டிக்லிபூர் என்று சிமெண்ட் ஏற்றிப் போகிற லாரி அவருடையது. அதாவது லாரி முதலாளியுடையது, ஓட்டுவது இவர். திங்கட்கிழமை விடிவதற்குள் கிளம்பினால் சனிக்கிழமையோ ஞாயிற்றுக்கிழமையோதான் புரோத்ராபூர் வீட்டுக்கு வருவார். வந்து குளித்துச் சாப்பிட்டதும் தூங்கிவிடுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நான் ஏதாவது பாத்திரத்தை உருட்டினால் என் அத்தை, அதாவது மாமியார், சமையலறையிலிருந்து, “எழுப்பாத செல்வி, தூங்கட்டும்” என்பார். மறுநாள் விழித்தால் பக்கத்துத் தலையணையில் டீசல் வாசம் மட்டும் இருக்கும்.

போனில் பேசலாமே என்பீர்கள். ஜிர்கட்டாங் தாண்டினால் காடு. காட்டுக்குள் சிக்னல் கிடையாது. நான் கூப்பிட்டால் ஒரு பெண்குரல் அவர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக மூன்று மொழிகளில் சொல்லும். கல்யாணமான புதிதில் என் கணவரைவிட நான் அதிகம் கேட்டது அந்தப் பெண்ணின் குரலைத்தான். எந்த நேரத்துக்கு எந்த கான்வாய் கிளம்புகிறது, எந்த நேரத்துக்கு ஜங்கார் கரை சேர்கிறது என்றெல்லாம் எனக்கு மனப்பாடம். (கான்வாய் என்றால், காட்டுக்குள் தனியாகப் போகக் கூடாது என்பதற்காக வண்டிகளை வரிசையாகச் சேர்த்து, போலீஸ் துணையோடு அனுப்புவது. ஜங்கார் என்றால் வண்டிகளை ஏற்றிக்கொண்டு கால்வாயைக் கடக்கும் படகு.)

இந்த நிலையில்தான் ஒரு வாரம் கதம்தலா பக்கத்தில் அவருடைய லாரியின் இடது பின்சக்கரம் இறுகிப் போய் நின்றுவிட்டது. ஹப் சூடேறி உள்ளே பேரிங் கருகிவிட்டதாம். அன்றைக்கு எனக்கு ஹப் என்றால் என்னவென்றே தெரியாது. சக்கரத்தின் நடுவில் புடைத்துக்கொண்டு நிற்கிறதே, அந்த இரும்புக் குமிழ்தான் அது. அதற்குள்தான் பேரிங்கும் கிரீஸும் இருக்கின்றன. பாரம் ஏற்றிக்கொண்டு மேட்டிலும் பள்ளத்திலும் ஓடினால் ஓரளவு சூடாவது இயல்பு. அளவு மீறினால் கிரீஸ் உருகி, பேரிங் தீய்ந்து, சக்கரம் அப்படியே பிடித்துக்கொள்ளும். அதனால் டிரைவர்கள் வண்டி நிற்கிற இடத்திலெல்லாம் இறங்கிப் புறங்கையால் ஹப்பைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

லாரி முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், சத்தம் போட்டே பேசமாட்டார். அதனாலேயே அவரிடம் எல்லோருக்கும் பயம். புறங்கையெல்லாம் சரிப்படாது, இனி நிற்கிற இடத்திலெல்லாம் சூட்டை அளந்து நோட்டில் எழுத வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். இன்னொரு தடவை சக்கரம் கருகினால் வண்டியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்றும் சொன்னார். அளக்கிற கருவியை மட்டும் வாங்கித் தரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இதை என்னிடம் சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் சோற்றில் ரசத்தை ஊற்றினார். நான் அலமாரியைத் திறந்து என் துப்பாக்கியை எடுத்து வந்தேன்.

கொரோனா காலத்தில் நான் பஜாரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தேன். வருகிறவர்களின் நெற்றிக்கு நேரே வெப்பமானித் துப்பாக்கியைப் பிடித்து, பச்சை எரிந்தால் உள்ளே விட வேண்டும், சிவப்பு எரிந்து பீப் பீப் என்றால் திருப்பி அனுப்ப வேண்டும். ஒன்றரை வருஷம் இதுதான் வேலை. போர்ட் பிளேரில் பாதிப் பேரின் நெற்றியை நான் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். கல்யாணத்துக்காக வேலையை விட்டபோது அந்தத் துப்பாக்கியைத்தான் எனக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். (மற்ற பெண்களுக்கு எவர்சில்வர் குடம் கொடுத்தார்களாம்.)

“இதை வச்சு நான் அளந்து தர்றேன்” என்றேன். லாரி கிளீனர் தன் தங்கை கல்யாணத்துக்குக் கப்பலேறி மெயின்லேண்ட் போயிருந்தார். பக்கத்து சீட் காலி. இது எல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரியும். லாரியில் பெண்கள் வந்து பழக்கமில்லை என்று அவர் இழுத்தார். அத்தைதான் உள்ளேயிருந்து எனக்காகப் பேசினார்.

“கூட்டிட்டுப் போடா. இங்க இருந்தா ரோட்டையே பாத்துக்கிட்டுக் கெடக்கா.”

நான் ரோட்டைப் பார்ப்பது அத்தைக்குத் தெரியும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமை காலை டாலிகஞ்ச் குடோனில் லாரி பாரத்தோடு நின்றது. நான் புளிசாதம், ஊறுகாய், சீப்பு, கண்ணாடி, இரண்டு செட் சுடிதார், ஒரு புது நோட்டு, ஸ்கேல் (கோடு போட) சகிதம் போய் இறங்கினேன். நோட்டில் ஆறு கட்டம் போட்டு வைத்திருந்தேன். ஆறு டயர் இருந்தாலும் பின்னால் இரண்டிரண்டு டயருக்கு ஒரே ஹப் என்பதால் மொத்தம் நாலுதான் என்று அவர் மெதுவாகச் சொன்னார். இரண்டு கட்டத்தை அடித்தேன். பிறகு நாலு ஹப்பையும் குறிபார்த்துச் சுட்டேன். நாலிலும் ‘லோ’ என்று வந்தது. லோ என்றால் குறைவு. குறைவு என்றால் நல்லது. நான் எழுதிக் காட்டியதைப் பார்த்து அண்ணாச்சி, “பரவாயில்லையே” என்றார். காற்றில் மிதந்துதான் கேபினுக்குள் ஏறினேன்.

அந்தப் பயணத்தின் முதல் ஒன்றரை மணி நேரத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லக் கூடாது, சிரிப்பீர்கள். வீட்டில் தூங்குகிற மனிதரை மட்டுமே பார்த்திருந்தவள் அன்றுதான் விழித்திருக்கிற மனிதரைப் பார்த்தேன். கியர் மாற்றும்போது கீழுதட்டைக் கடிப்பார். எதிரே வருகிற தெரிந்த வண்டிக்கெல்லாம் ஒரு சின்ன ஹார்ன் கொடுப்பார். வழியில் ஒரு கடையில் நிறுத்தினோம். அந்தக் கடைக்காரம்மா கேட்காமலேயே சர்க்கரை குறைத்து டீ கொடுத்தார். என் கணவர் சர்க்கரை குறைத்துக் குடிப்பார் என்பது எனக்கே தெரியாது. நாலு மாதமாக நான் போட்டுக் கொடுத்த பாயசம் போன்ற டீயை ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்தக் கடைக்காரம்மா மேல் எனக்கு வந்த பொறாமையை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அவருக்கு வயது அறுபது இருக்கும்.

ஜிர்கட்டாங் செக்போஸ்டில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. டூரிஸ்ட் வேன்கள், ஒரு பஸ், நாலைந்து லாரிகள். உள்ளே போகிறவர்களின் பெயர்களை ஒரு படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதி, எதிரே ‘ஹெல்பர்’ என்று போட்டார். எங்கள் கல்யாணத்தை அப்போது பதிவுகூடச் செய்யவில்லை. அரசாங்கத் தாள் ஒன்றில் எங்கள் இருவர் பெயரும் சேர்ந்து வந்தது அதுதான் முதல்முறை. அதை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர் கையெழுத்தைப் போட்டுப் படிவத்தை உள்ளே நீட்டினார்.

கான்வாய் கிளம்பப் பத்து நிமிஷம் இருக்கும்போது நான் நோட்டோடும் துப்பாக்கியோடும் இறங்கினேன். இடது முன்சக்கரம். சிவப்பு, பீப் பீப், ‘ஹை’. வலது முன்சக்கரம். சிவப்பு, ‘ஹை’. பின்னால் இரண்டும் அப்படியே.

ஒன்றரை வருஷம் சிவப்பைக் கண்டால் ஆளை நிறுத்தியே பழகியவள் நான். நாலு சக்கரத்துக்கும் காய்ச்சல் என்று ஓடிவந்து சொன்னேன். அவர் பதறவில்லை. ஒவ்வொரு ஹப்பாகப் புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். மூன்றில் ஒன்றும் சொல்லவில்லை. இடது பின்சக்கரத்தில் மட்டும் கையை வைத்து எடுத்தார், மறுபடி வைத்தார்.

“இது மட்டும் கொஞ்சம் கூட இருக்கு” என்று ஆரம்பித்தார்.

“எல்லாமே கூடத்தாங்க இருக்கு. மெஷின் சொல்லுது” என்று நான் குறுக்கே விழுந்தேன்.

அந்த ஒரு வாக்கியத்தை நான் சொல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. அவர் ஏதோ யோசித்துக்கொண்டிருந்த அந்த அரை நிமிஷத்தில் நான் வேறு காரியத்தில் இறங்கிவிட்டேன். காய்ச்சலுக்கு நம் வீடுகளில் என்ன செய்வோம்? என் துப்பட்டா, அவருடைய துண்டு, என்னுடைய இன்னொரு துப்பட்டா, லாரி கண்ணாடி துடைக்கும் துணி, நாலையும் பாட்டில் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, நாலு ஹப்பின் மேலும் பதமாகப் போட்டேன். துணி சூடேறினால் எடுத்து, மறுபடி நனைத்துப் போட்டேன். நெற்றியில் போடுவது போலவே மடித்து, ஓரத்தை அமுக்கி, லேசாகத் தட்டியும் கொடுத்தேன். தட்டிக் கொடுத்ததை நான் மறுத்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஒரு வேனிலிருந்து யாரோ எடுத்த வீடியோவில் அது தெளிவாகத் தெரிகிறது.

டூரிஸ்ட்டுகள் இறங்கி வந்து நின்றார்கள். வேன் டிரைவர்கள் என்னைப் பார்த்து, “காடி கி டாக்டர்னி” என்றார்கள், வண்டி டாக்டரம்மா என்று. போலீஸ்காரர் ஒருவர் வந்து வண்டியில் என்ன பிராப்ளம் என்று இந்தியில் கேட்டார். என் கணவர் வாயைத் திறப்பதற்குள் நான், “புகார் ஹை” என்றேன். காய்ச்சல் என்றேன். போலீஸ்காரர் என்னைப் பார்த்தார், துணி போர்த்திய சக்கரங்களைப் பார்த்தார், என் கணவரை இரக்கத்தோடு பார்த்தார்.

“அந்தர் ருக்னா மனா ஹை. அக்லே கான்வாய் மே ஜாவோ” என்றார்.

காட்டுக்குள் வண்டியை நிறுத்த அனுமதியே இல்லை. அது ஜாரவா பழங்குடி மக்கள் வாழும் இடம். பழுதான வண்டியைப் போலீஸ்காரர்கள் உள்ளே விடமாட்டார்கள். அடுத்த கான்வாயில்தான் போக வேண்டும் என்று எங்களை வரிசையிலிருந்து எடுத்து ஓரமாக நிறுத்திவிட்டு, மற்ற வண்டிகளை அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொரு டிரைவரும் எங்களைத் தாண்டும்போது ஒரு சின்ன ஹார்ன் கொடுத்துவிட்டுப் போனார். காலையில் அது எனக்கு எவ்வளவு இனிமையாகக் கேட்டது.

மூன்று மணி நேரம் காத்திருந்தோம். நேர்மையாகச் சொன்னால் உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம். கல்யாணத்துக்குப் பிறகு அவர் தூங்காமல் மூன்று மணி நேரம் என் பக்கத்தில் இருந்ததே இல்லை. அவருக்குத்தான் முகம் வாடிவிட்டது. புளிசாதத்தைச் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்து நான் மறுபடி சுட்டபோது முப்பத்தாறு புள்ளி ஒன்பது, பச்சை. காய்ச்சல் விட்டுவிட்டது என்று அறிவித்தேன். அவரும் இறங்கித் தொட்டுப் பார்த்தார். நாலும் ஒரே மாதிரி ஆறியிருந்தன. காலையில் அவர் புறங்கைக்கு ஒரு சக்கரம் சொல்ல வந்த சேதியை என் ஈரத்துணி துடைத்துவிட்டிருந்தது. அது அப்போது எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

மத்தியான கான்வாயில் காட்டைக் கடந்து ஜங்கார் துறைக்கு வந்தோம். லாரியை ரிவர்ஸில் படகில் ஏற்ற வேண்டும். பின்னால் வண்டிகள் நெருக்கிக்கொண்டு நின்றன, படகுக்காரர்கள் ஜல்தி ஜல்தி என்று கத்தினார்கள். அவரால் ஸ்டீயரிங்கை விட்டு இறங்க முடியவில்லை. தலையை வெளியே நீட்டி, இடது பின்சக்கரம் எப்படி இருக்கிறது என்று என்னிடம் கேட்டார்.

சுட்டேன். சிவப்பு, ‘ஹை’. மற்ற மூன்றையும் சுட்டேன். மூன்றும் ‘ஹை’. காலையிலும் நாலும் ‘ஹை’தான், அப்போது ஒன்றும் ஆகவில்லை. அந்த டாக்டர்னிப் பட்டத்தை மறுபடி வாங்க எனக்குத் தெம்பில்லை.

“காலைல மாதிரியேதான் இருக்கு” என்றேன்.

பொய் இல்லை. அதுதான் கொடுமை.

பாரட்டாங் தீவில் இறங்கிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். ஒரு மேட்டில் ஏறும்போது கருகல் வாடை வந்தது. நான் பிரேக் என்று நினைத்தேன். அவர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டார். பின்னாலிருந்து இரும்பை இரும்பு தேய்க்கிற ஒரு நீண்ட சத்தம் வந்தது. கண்ணாடியில் புகை தெரிந்தது. அவர் வண்டியை ஓரம் கட்டி நிறுத்துவதற்கும் சக்கரம் இறுகுவதற்கும் சரியாக இருந்தது. இடது பின்சக்கரம்தான்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் ஒரு நல்ல அழுகையாவது அழுதிருப்பேன். சக்கரத்துக்குக் கல் வைத்தார், மழை வரும்போல் இருந்ததால் ஏறிச் சிமெண்ட்டின் மேல் தார்ப்பாயை இறுக்கிக் கட்டினார். பிறகு கொஞ்ச தூரம் நடந்து, சிக்னல் கிடைக்கிற ஓர் இடத்தில் நின்று அண்ணாச்சிக்குப் போன் செய்தார். நான் பின்னாலேயே போய் நின்றுகொண்டிருந்தேன். அவர் பேசியது எனக்குக் கேட்டது.

“தப்பு என்னுதுதான் அண்ணாச்சி. கை வச்சுப் பாத்திருக்கணும், பாக்கல.”

என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மெக்கானிக் பேரிங்கோடு மறுநாள் முதல் கான்வாயில்தான் வர முடியும். பக்கத்தில் டீக்கடை வைத்திருந்த வங்காளி அக்கா என்னைத் தன் வீட்டில் தங்கச் சொன்னார். ஆனால் அன்று மாலை முழுக்க நாங்கள் கேபினில்தான் உட்கார்ந்திருந்தோம். மழை முன்கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது. வைப்பரைப் போடவில்லை, பார்க்க வேண்டியது ஒன்றும் இல்லை. கடைசியில் அவர்தான் கேட்டார்.

“உண்மையச் சொல்லு. சக்கரம் பாக்கவா வந்தே?”

“இல்ல. உங்களப் பாக்க வந்தேன்.”

அவர் கதவைத் திறந்து மழையில் இறங்கிப் போய், ஏற்கெனவே இறுக்கமாகக் கட்டியிருந்த தார்ப்பாய்க் கயிற்றை இன்னொரு தடவை கட்டிவிட்டு வந்தார். முழுக்க நனைந்து ஏறி உட்கார்ந்தபின், ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஜிர்கட்டாங்குக்கு முன்னால் சிக்னல் தீர்ந்துபோகிற வளைவில் வண்டியை நிறுத்திப் போனைக் கையில் எடுப்பாராம், நான் தூங்கிக்கொண்டிருப்பேன் என்று கூப்பிடாமலே வைத்துவிடுவாராம், அதைச் சொன்னார். அந்த நேரத்தில் நான் ஒரு நாளும் தூங்கியதில்லை. நானும், வண்டி ஓட்டும்போது தொந்தரவாக இருக்குமோ என்று போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இதை அவரிடம் சொன்னபோது எங்கள் இருவருக்கும் சிரிப்பு வந்தது. கேவலமான சிரிப்பு. நாலு மாதம் வீணாகியிருந்தது.

மறுநாள் நிமாய் தாதா (வங்காளியில் தாதா என்றால் அண்ணன்) என்கிற மெக்கானிக் வந்து சக்கரத்தைக் கழற்றினார். பேரிங் நீலம் பாரித்திருந்தது. போன தடவை சரிசெய்தவர்கள் ஹப் நட்டை அளவுக்கு மேல் இறுக்கிவிட்டிருக்கிறார்கள் என்றார். பிறகு நோட்டை வாங்கிப் பார்த்தார். ‘லோ, லோ, லோ, லோ’, ‘ஹை, ஹை, ஹை, ஹை’, ‘36.9’. துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், அதை மரியாதையாக என்னிடமே கொடுத்தார்.

“பஹன், யே ஆத்மி கா ஹை” என்றார்.

தங்கச்சி, இது மனுஷனுக்கானது என்று. இந்தக் கருவி நாற்பத்து மூன்று டிகிரிக்கு மேல் எண்ணே காட்டாது, ‘ஹை’ என்று மட்டும்தான் காட்டும். பாரம் ஏற்றி ஓடுகிற லாரியின் ஹப் நல்ல நிலையிலேயே ஐம்பது அறுபது இருக்கும். அதாவது ஓடி நின்றதும் நான் அளந்த எல்லாச் சக்கரமும் எப்போதுமே சிவப்பாகத்தான் இருந்திருக்கும். எவ்வளவு சூடு என்பதைவிட, நாலில் ஒன்று மட்டும் மற்ற மூன்றிலிருந்து விலகி நிற்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டுமாம். அதைத்தான் ஜிர்கட்டாங்கில் என் கணவரின் புறங்கை சரியாகச் சொன்னது. நான்தான் நாலையும் ஒரே சத்தத்தில் கூவி அதை அமுக்கிவிட்டேன்.

அண்ணாச்சி சொன்னபடியே செய்தார். வண்டியை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு, இவரை டாலிகஞ்ச் குடோனில் மூட்டை இறக்குவதை மேற்பார்வை பார்க்கப் போட்டார். காலை ஒன்பதுக்குப் போய் மாலை ஆறுக்கு வந்துவிடலாம். தினமும்.

நான் அவருக்காக வருத்தப்படுவது போல முகத்தை வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் திருவிழா. மாலை ஆறுக்குக் கேட் சத்தம் கேட்கும். சர்க்கரை குறைத்து டீ போடுவேன். லம்பா லைன் பகுதியில் இருக்கிற என் அம்மா வீட்டுக்கு முதல்முறையாக இரண்டு பேரும் சேர்ந்து போனோம். ஒரு மாதம் இப்படிப் போனது.

பிறகுதான் சில விஷயங்கள் கண்ணில் பட்டன. அவர் குக்கர், மிக்ஸி, பிரிட்ஜின் பின்பக்கம் என்று சூடாகிற எதைக் கண்டாலும் புறங்கையை வைத்துப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே போனதும், இவர் மெதுவாகப் போய் அதன் சக்கரத்தைத் தொட்டுவிட்டு வந்ததை அத்தையே பார்த்திருக்கிறார். ரோட்டில் பாரத்தோடு ஒரு லாரி போனால் டீ டம்ளர் பாதியில் நிற்கும். சத்தம் தேய்ந்து மறையும் வரை குடிக்கமாட்டார். “பின்பிரேக் பிடிச்சுக்கிட்டே போகுது” என்று தனக்குத்தானே சொல்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் தூங்குவதை விட்டுவிட்டார். வாசலில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

முன்பு அதே வாசலில் நான் நின்றிருந்தேன். எனக்காவது வருகிறவர் ஒருவர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் தீர்ந்துவிடும். அவர் பார்த்துக்கொண்டிருந்தது போகிற வண்டிகளை. அது தீராது. அவர் என் பக்கத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார், எனக்கோ அவர் காட்டுக்குள் இருந்தபோது இருந்ததைவிட அதிகமாக அவரைத் தேடியது.

ஏழு மாதம் கழித்து ஒரு நாள், அவரிடம் சொல்லாமல் அண்ணாச்சியைப் பார்க்கப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். துப்பாக்கி, ஈரத்துணி, “காலைல மாதிரியேதான்” வரை. தப்பு என்னுடையது, வண்டியை அவரிடம் திருப்பிக் கொடுங்கள் என்றேன். அண்ணாச்சி சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. நட்டை இறுக்கிய கதையை நிமாய் மெக்கானிக் அந்த வாரமே வந்து சொல்லிவிட்டார் என்றார்.

“அப்புறம் ஏன் அண்ணாச்சி அவருக்கு வண்டி குடுக்கல?”

“அவன் கேக்கவே இல்லையேம்மா. பொண்டாட்டி பக்கத்துல இருக்கணும்னு நெனைக்கான் போலன்னு விட்டுட்டேன்.”

அன்று மாலை அவரிடம் இதைச் சொன்னபோது, ஏன் கேட்கவில்லை என்று கேட்டேன். நீ சந்தோஷமாக இருந்தாய் என்றார். அந்த வாரமே அண்ணாச்சியிடம் கேட்டு வண்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். திங்கட்கிழமைக்கு அவருடைய துணிகளை மடித்துப் பையில் வைத்தேன். வைக்கும்போது அழுதேன் என்று அத்தை எல்லோரிடமும் சொல்வார். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன் என்பது என் தரப்பு.

இப்போது எங்களுக்கு ஒரு பெண் குழந்தை இருக்கிறாள், இரண்டு வயது முடியப் போகிறது. எங்கள் சொந்தத்தில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். “டாக்டர்னி இருக்காங்களா?” என்று கேட்டு, சிரித்து முடித்த பிறகுதான் யாருக்கு என்ன என்று சொல்வார்கள். அந்த வீடியோவை மெயின்லேண்டில் இருக்கிற கிளீனர்கூடப் பார்த்துவிட்டார். கல்யாண வீடுகளில் புதிதாக வந்த மாப்பிள்ளைகளுக்கு அதைப் போட்டுக் காட்டுவது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது.

அண்ணாச்சி பட்டறைக்கான சரியான வெப்பமானி ஒன்றை வாங்கிக் கொடுத்திருக்கிறார். என் கணவர் முதலில் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, பிறகு அதில் அளந்து நோட்டில் எழுதுகிறார். எழுதியதை எனக்கும் அனுப்புகிறார். இதை நான் கேட்கவில்லை, அவராகவே ஆரம்பித்தது. பேச்சில் அவர் எப்போதும் சிக்கனம், எழுத்தில் இன்னும் சிக்கனம். வணக்கம் இல்லை, சாப்பிட்டாயா இல்லை, வெறும் நாலு எண்கள்தான் வரும்.

இன்று காலை ஜிர்கட்டாங்கிலிருந்து வந்தது: முன் இடது 47, முன் வலது 48, பின் இடது 58, பின் வலது 57. இட்லி ஊட்டிக்கொண்டே படித்தேன்; பாரம் தாங்கும் பின்னிரண்டும் கூடுதல்தான், ஆனால் எதுவும் தன் ஜோடியிலிருந்து விலகவில்லை. அப்பா என்ன சொல்கிறார் என்று என் மகள் கேட்டாள். நன்றாக இருக்கிறாராம் என்றேன். அடுத்த நாலு எண்கள் ஜங்காரில் ஏறிப் பாரட்டாங் போய் இறங்கிய பிறகுதான் வரும். மணி இப்போது பத்துகூட ஆகவில்லை.